பிரேக் இறுகினால் வேக்கம் பம்பைச் சோதிப்பது எப்படி?

மலேசியாவின் தாப்பாவில் என் பட்டறைக்கு வருபவை பெரும்பாலும் டீசல் பிக்கப்கள். சில தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றுபவை, சில கேமரன் மலையிலிருந்து காய்கறி இறக்குபவை. “அண்ணே, பிரேக் கல்லு மாதிரி இருக்கு” என்று யாராவது வந்து நின்றால் கையில் இருக்கும் வேலையை அப்படியே வைத்துவிடுவேன். கேமரன் மலையின் தானா ராத்தா ஊரிலிருந்து இங்கே சுமார் 60 கிலோமீட்டர், வளைவுக்கு மேல் வளைவு. காலின் பலத்தைப் பெருக்கிக் கொடுப்பது பூஸ்டர், அது உறிஞ்சலில் (வேக்கத்தில்) வேலை செய்யும். பாரம் ஏற்றிக்கொண்டு அந்த இறக்கத்தில் பூஸ்டர் இல்லாத பிரேக்கை மிதிக்க ஒரு காலின் பலம் போதாது. சோதித்து முடிக்கும்வரை வண்டியை ஓட்டாதீர்கள்.

பெட்ரோல் எஞ்சினில் காற்று வழியை அடைக்கும் ‘த்ராட்டில்’ என்ற மூடி உண்டு, அதனால் உறிஞ்சல் தானாகவே கிடைக்கும். பழைய டீசலில் அந்த மூடி கிடையாது, அதனால் உறிஞ்சலுக்குத் தனி பம்ப், அதுதான் வேக்கம் பம்ப். டொயோட்டா ஹைலக்ஸின் 2எல், 5எல், இசுசுவின் 4ஜேஏ1 எஞ்சின்களில் அது ஆல்டர்னேட்டரின் முதுகில் உட்கார்ந்திருக்கும். எஞ்சின் ஆயில்தான் அதற்கும் உயிர்.

முதலில் காலால் சோதியுங்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வையுங்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது பெடலை நாலைந்து முறை மிதித்தால் இறுகிவிடும். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டருக்கு உறிஞ்சல் போகவில்லை, அல்லது பூஸ்டரே கெட்டிருக்கிறது. மிதித்த பெடல் மெல்ல மெல்லத் தரைவரை போகிறது என்றால் அது வேறு கோளாறு. பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள், பம்பைத் தொட வேண்டாம்.

பிறகு ஆல்டர்னேட்டர் பெல்ட். அது வழுக்கினால் பம்பும் மெதுவாகத்தான் சுற்றும். பெல்ட் தளர்ந்ததற்குப் பம்பைப் பழி சொல்லக் கூடாது.

அடுத்து உறிஞ்சலை அளக்கும் மீட்டர். என்னைக் கேட்டால், வேக்கம் மீட்டர் வைக்காமல் பம்பை மாற்றச் சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். போன மழைக்காலத்தில் ஒரு தம்பி ஹைலக்ஸ் கொண்டுவந்தார். வேறொரு இடத்தில் பம்பை மாற்றியிருந்தார்கள், பெடல் மட்டும் மாறவில்லை. எஞ்சின் சூடானதும் ஹோஸைப் பார்த்தேன், பாம்புச் சட்டை போலச் சப்பிக் கிடந்தது. யாரோ சாதாரணத் தண்ணீர் ஹோஸைப் போட்டிருக்கிறார்கள். உள்ளே நூல் பின்னிய, தடித்த வேக்கம் ஹோஸ் போட்டதும் சரியாகிவிட்டது. தோட்டச் சம்பளத்தில் அந்தத் தம்பி ஒரு பம்புக்கு வீணாகப் பணம் கொடுத்திருந்தது இன்னும் எனக்கு ஆறவில்லை.

அதனால் மீட்டரை இரண்டு இடத்தில் வையுங்கள்: முதலில் பம்பில், பிறகு பூஸ்டர் பக்கம். பம்பின் வாயிலிருந்து ஹோஸைக் கழற்றி, மீட்டரை நேரே அங்கே மாட்டி, எஞ்சினை ஐடிலில் விடுங்கள். தாப்பா போன்ற தாழ்வான ஊரில் நல்ல பம்பில் மீட்டர் 25 அங்குலத்துக்கு (பாதரச அங்குலம்) மேல் விரைவாக ஏறி நிற்கும். ஐடிலில் குறைவாகக் காட்டி, ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது மட்டும் ஏறினால், பெல்ட்டும் நன்றாக இருந்தால், பம்புக்குள் சுற்றிக் காற்றை இழுக்கும் பிளேடுகள் தேய்ந்திருக்கின்றன. பம்பில் நல்ல அளவு காட்டி, பூஸ்டர் பக்கம் குறைந்தால் ஹோஸ், ஒன்-வே வால்வு, பூஸ்டர் என்று வரிசையாகப் பாருங்கள். பெடலை மிதிக்கும்போது டேஷ்போர்டுக்கு அடியில் ‘உஸ்’ என்று சத்தம் நீண்டு கேட்டால் பெரும்பாலும் பூஸ்டர்தான்.

மலையில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் மீட்டர் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறைத்துக் காட்டும். தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல். அங்கே காற்றின் அழுத்தமே சுமார் 25 அங்குலம்தான், அதற்கு மேல் எந்தப் பம்பாலும் இழுக்க முடியாது. மேலே 22 காட்டும் பம்ப் நல்ல பம்ப். அதைக் கழற்றி எறியாதீர்கள்.

பம்புதான் கோளாறு என்று உறுதியானால், ஆயில் எங்கே போகிறது என்று பாருங்கள். பம்புக்கு ஆயில் வரும் மெல்லிய குழாய் அடைத்தால் பிளேடு காய்ந்து தேயும். ஆயில் திரும்பும் ஹோஸ் அடைத்தால் ஆயில் பம்புக்குள்ளேயே தேங்கும், சீல் வழியாக ஆல்டர்னேட்டருக்குள் போய் சார்ஜும் நின்றுவிடும். வேக்கம் ஹோஸில் விரலை விட்டுப் பாருங்கள். ஆயில் வழிந்தால் ஒன்-வே வால்வையும் மாற்றி, பூஸ்டருக்குள் ஆயில் போயிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆயில் பட்ட ரப்பர் ஊறி உப்பிவிடும்.

பம்பைத் திறந்தால் பிளேடுகள் அதனதன் பள்ளத்தில் தடையில்லாமல் நழுவ வேண்டும். கசடு பிடித்து ஒட்டியிருந்தால் டீசலில் கழுவுங்கள். உள்சுவர் வழவழப்பாக இருந்தால் பிளேடும் ஓ-ரிங்கும் மாற்றினால் போதும். நகம் மாட்டும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் முழுப் பம்பையும் மாற்றுங்கள். புதுப் பிளேடு போடும்போது வளைந்த முனை சுவரைப் பார்த்து இருக்க வேண்டும். மூடுவதற்கு முன் உள்ளே ஒரு கரண்டி புது எஞ்சின் ஆயில் விட்டு, புல்லியைக் கையால் நாலு சுற்று சுற்றுங்கள். காய்ந்த பம்பை ஸ்டார்ட் செய்தால் புதுப் பிளேடும் முதல் நாளே கீறிக்கொள்ளும்.

மாட்டியதும் மறுபடி மீட்டர் வைத்து, அப்புறம் பாரம் இல்லாமல் தோட்டத்துச் சமவெளிப் பாதையில் ஒரு சுற்று. மறுநாள் காலையில் ஆயில் அளவைப் பார்த்து, ஆயில் ஹோஸ் முனைகளை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் கறை இல்லை என்றால் குலை ஏற்றலாம்.