பொத்தானைப் பிள்ளையே போடட்டும்: தன்னம்பிக்கையைக் குலைக்கும் நம் பழக்கங்கள்

காலை எட்டு மணி. பள்ளி வேன் தெருமுனையில் ஹார்ன் அடிக்கிறது. ஒன்றாம் வகுப்புப் படிக்கும் சிறுமி, சீருடைச் சட்டையின் மூன்றாவது பொத்தானோடு போராடிக்கொண்டிருக்கிறாள். பொத்தானின் பாதி துளைக்குள் நுழைந்துவிட்டது, மறுபாதி வெளியே சிக்கி நிற்கிறது. "விடு, நான் போட்டு விடுறேன்" என்று அவள் கையை விலக்கிவிட்டு, அம்மா நொடிப்பொழுதில் எல்லாப் பொத்தான்களையும் மாட்டிவிடுகிறார். நேரம் மிச்சமானது உண்மைதான். ஆனால் முடியும் தறுவாயில் இருந்த வேலை அந்தச் சிறுமியின் கையிலிருந்து பறிபோனது. இது நாள்தோறும் நடக்கும்போது, தன் கை இதற்கு ஆகாது என்ற முடிவுக்கு அவள் யாரும் சொல்லாமலேயே வந்துவிடுகிறாள்.

குழந்தைகளின் தன்னம்பிக்கையைப் பற்றிப் பேசும்போது, நாம் சொல்லும் ஊக்கச் சொற்களைத்தான் பெரிதாக நினைக்கிறோம். உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டூரா 1977-இல் இதைப் பற்றி எழுதியபோது, 'என்னால் முடியும்' என்ற எண்ணத்துக்கு நான்கு ஊற்றுகளைக் குறிப்பிட்டார்: தானே செய்து வெற்றி கண்ட அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்த்தல், பிறர் சொல்லும் ஊக்கம், அந்த நேரத்து உடல், மனநிலை. இவற்றில் முதலாவதே வலிமை மிக்கது என்பது அவர் கருத்து. ஆகவே, பிள்ளை செய்யவேண்டியதை நாம் செய்துவிட்டு, பிறகு "உன்னால் முடியும்" என்று எத்தனை முறை சொன்னாலும் அது ஒட்டாது. அவசரமான காலையில் பத்து நிமிடம் முன்னதாக எழுப்புவதும், கடினமான மேல் பொத்தானை மட்டும் நாம் போட்டுவிட்டு மற்றவற்றை அவளிடம் விடுவதும் இதற்குப் போதும்.

இதே பறிப்பு பேச்சிலும் நடக்கிறது. மருத்துவர் பையனைப் பார்த்து "எங்கப்பா வலிக்குது?" என்று கேட்கிறார், அவன் வாய் திறப்பதற்குள் நாம் பதில் சொல்லிவிடுகிறோம். போதாக்குறைக்கு, "இவன் கொஞ்சம் கூச்ச சுபாவம், டாக்டர்" என்று அவன் முன்பாகவே ஒரு முத்திரையையும் குத்திவிடுகிறோம். பிள்ளைகள் பதிலைத் தேடி எடுக்க நம்மைவிடக் கூடுதல் நேரம் ஆகும். மனத்துக்குள் பத்து எண்ணும் வரை வாயை மூடிக்கொண்டிருப்பது பெற்றோருக்குக் கடினம் என்பதை நான் அறிவேன். ஆனாலும் பெரும்பாலும் ஏழு, எட்டு எண்ணுவதற்குள் பதில் வந்துவிடுகிறது.

பாராட்டில் நேரும் தவறு சற்று நுட்பமானது. 1998-இல் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், ஐந்தாம் வகுப்பு மாணவர்களிடம் சில புதிர்களைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினரிடம் "நீ கெட்டிக்காரன்" என்ற பொருளிலும், மற்றொரு பிரிவினரிடம் "நன்றாக உழைத்திருக்கிறாய்" என்ற பொருளிலும் பாராட்டினார்கள். பிறகு கடினமான புதிர்களில் தோற்ற பின், கெட்டிக்காரர் எனப் பெயர் வாங்கியவர்கள் சோர்ந்துபோய், அடுத்த சுற்றில் முன்பைவிடக் குறைவாகவே செய்தார்கள். அவர்களில் பத்தில் ஏறக்குறைய நான்கு பேர், தாங்கள் பெற்ற மதிப்பெண்ணை வேறு மாணவர்களுக்கு எழுதித் தெரிவிக்கும்போது, அதைக் கூட்டியே எழுதினார்கள். பொய் சொல்லும் பிள்ளைகள் என்று அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கெட்டிக்காரன் என்ற பட்டத்தைக் காப்பாற்றவேண்டிய சுமையை அவர்கள் தலையில் ஏற்றியவர்கள் பெரியவர்களே. படம் வரைந்து கொண்டுவந்தால் "சூப்பர்!" என்று சொல்லி அனுப்பிவிடாமல், "இந்த மாட்டுக்குக் கொம்பை மூன்று தடவை அழித்து வரைந்திருக்கிறாயே, ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள், அந்தப் பிள்ளை உங்களை உட்காரவைத்துக் கதை சொல்லும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ரேங்க் கார்டை இழுத்துப் பேசுவதால் என்ன ஆகும் என்பது, அப்படி ஒப்பிடப்பட்டு வளர்ந்த நம் எல்லோருக்கும் தெரியும். விருந்தினர் வந்ததும் "மாமாவுக்கு ஒரு பாட்டுப் பாடிக் காட்டு" என்று கட்டாயப்படுத்துவதும், மறுத்தால் அவர்கள் எதிரிலேயே கடிந்துகொள்வதும் அதே வகைதான். தண்ணீரைக் கொட்டிவிட்டால் திட்டுவதற்குப் பதிலாகத் துணியைக் கையில் கொடுத்துத் துடைக்கச் சொன்னால், தவறு என்பது சரிசெய்யக்கூடிய ஒன்று என்று பிள்ளைக்குப் புரியும்.

நானும் இதில் தவறியவன்தான். என் மகனுக்கு ஒன்பது வயதிருக்கும்போது, நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்துத் தெருக்கோடி மளிகைக் கடைக்கு அனுப்பினேன். 62 ரூபாய்க்குச் சாமான் வாங்கிக்கொண்டு, மீதி 28 ரூபாயோடு வந்தான். பத்து ரூபாய் குறைகிறது என்றதும் அவன் முகம் வாடியது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். "நீங்க இருங்க, அவனே போய்க் கேட்கட்டும்" என்றார் என் மனைவி. அவன் வாசலில் நின்று சில்லறையை இரண்டு முறை எண்ணினான். கடைக்காரரிடம் என்ன சொல்வது என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தபடியே நடந்தான். பத்து நிமிடம் கழித்துத் திரும்பியவன், பத்து ரூபாயை மேசைமேல் வைத்துவிட்டு, "அடுத்த தடவை அங்கேயே எண்ணிப் பார்த்துடுறேன்பா" என்றான்.