அர்த்தமில்லாத சொற்களில் ஒரு சொனாட்டா: ஒலிக்கவிதை எழுதிப் பார்க்கலாம்

1916 ஜூன் மாதம், ஜூரிக் நகரம். கபரே வோல்டேர் என்ற கேளிக்கை விடுதியின் மேடைக்குக் கவிஞர் ஹூகோ பால் (Hugo Ball) என்பவரைத் தூக்கிக்கொண்டு வந்துதான் நிறுத்தினார்கள். அட்டையில் செய்த உடை, காலைச் சுற்றிப் பளபளக்கும் நீலக் குழாய், தலையில் உயரத் தொப்பி. நடக்க வழியே இல்லை. 'காட்ஜி பேரி பிம்பா' என்று எந்த மொழியிலும் இல்லாத சொற்களால் ஆன ஒலிக்கவிதையை வாசிக்கத் தொடங்கினார். பாதியில், இதை எப்படி முடிப்பது என்று தவித்தபோது, தன் குரல் கத்தோலிக்கப் பாதிரியார்கள் பூசையில் ஓதும் பழைய ராகத்துக்குத் தானாகப் போய்விட்டது என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

வெளியே உலகப்போர். பத்திரிகைகளும் மேடைப் பேச்சும் கெடுத்துவிட்ட சொற்கள் இனி வேண்டாம் என்றுதான் பாலும் அவர் நண்பர்களும், அதாவது 'டாடா' (Dada) என்ற கலை இயக்கத்துக்காரர்கள், கிளம்பினார்கள். சொல்லிலிருந்து அர்த்தத்தை எடுத்துவிட்டதும் குரல் பாட்டைத் தேடிப் போனது. அதை முழு இசை வடிவமாக்கியவர் ஜெர்மனியின் ஹனோவர் நகரக் கலைஞர் கூர்ட் ஷ்விட்டர்ஸ். இன்னொரு டாடாக்காரரான ராவுல் ஹவுஸ்மான் சும்மா எழுத்துகளை அடுக்கி அச்சிட்ட ஒரு சுவரொட்டிக் கவிதையிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து, பத்தாண்டு வளர்த்து, நான்கு பகுதி கொண்ட 'ஊர்சொனாட்டே'வை (Ursonate, 'ஆதி சொனாட்டா') 1932இல் வெளியிட்டார். சொனாட்டா என்பது பல பகுதிகள் கொண்ட மேற்கத்திய இசை வடிவம். நாம் செய்யப்போவது அதன் குட்டி வடிவம்.

1. சரக்கு எடுங்கள்

சொற்களை யோசித்து உருவாக்காதீர்கள், யோசித்தால் அர்த்தம் நுழைந்துவிடும். கையில் கிடைக்கும் ரசீதைத் தலைகீழாகப் படியுங்கள். 'கட்டணம்' எனக்கு 'ம்ண டட்க' ஆனது. ஷ்விட்டர்ஸும் கடைசியில் ஜெர்மன் அகரவரிசையைப் பின்னாலிருந்துதான் சொல்கிறார்.

2. ஒலிகளைப் பிரியுங்கள்

பள்ளியில் படித்த வல்லினம், மெல்லினம், இடையினம் இங்கேதான் உதவும். க், ட், ப் எல்லாம் ஒரு தட்டோடு நின்றுவிடும், அவை தாளவாத்தியம். ம், ண், ழ், ல் மூச்சு இருக்கும்வரை இழுபடும், அவை சுருதிப்பெட்டி. உயிர்நெடிலை நீட்டிக் காட்டத்தான் அளபெடை இருக்கிறதே!

3. திரும்பச் சொல்லுங்கள், மாற்றிச் சொல்லுங்கள்

ம்ண டட்க
ம்ண ம்ண டட்க
ம்ம்ம்ம்ண டட் டட் டட்க
ஆஅஅஅ க்

முதல் வரி வெறும் உளறல். இரண்டாவதில் காது அதை அடையாளம் கண்டுகொள்கிறது. மூன்றாவதில் அடுத்து என்ன வரும் என்று காத்திருக்கிறது. உளறல் இசையாவது இந்தக் காத்திருப்பில்தான். அதனால் இந்தப் படியில் மட்டும் அவசரப்படாதீர்கள். ஒரே துணுக்கை எட்டு விதமாகவாவது எழுதிப் பாருங்கள்.

அப்புறம் முதலுக்கு நேர்மாறான இன்னொரு துணுக்கு: இது கரடுமுரடென்றால் அது வழவழப்பு. 'லூலழை லூஉஉ' போதும். இரண்டாவதைச் சொல்லிவிட்டு முதலுக்கே திரும்பினால் வடிவம் கிடைத்துவிடும்.

4. தாளில் குறியுங்கள்

ஹூகோ பாலின் 'கரவானே' என்ற ஒலிக்கவிதை 1920இல் அச்சானபோது வரிக்கு வரி எழுத்துரு மாறியது. அதுபோல உரக்கச் சொல்லவேண்டியதைப் பெரிதாகவும், முணுமுணுக்க வேண்டியதைச் சிறிதாகவும் எழுதுங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு கோடு.

5. வாய்விட்டுச் சொல்லுங்கள்

நம் ஆட்களுக்கு இங்கே ஒரு குழி இருக்கிறது. என் முதல் முயற்சியை ஃபோனில் பதிவுசெய்து கேட்டால், அச்சு அசலாகக் கொன்னக்கோல், அதாவது மிருதங்கச் சொற்களை வாயால் சொல்லும் கலை! வாய் தானாக ஆதிதாளத்தில் உட்கார்ந்துவிட்டது. ஜதி அழகுதான், ஆனால் அதற்குக் கணக்கு உண்டு. அதிலிருந்து தப்பிக்க, ஒரு வரியைக் கெஞ்சுவதுபோலவும் அடுத்ததைச் சண்டை போடுவதுபோலவும் சொல்லிப் பாருங்கள், தாளம் உடையும்.

சரி, தனியாகச் சொல்லக் கூச்சமா? 1916 மார்ச்சிலேயே ஹூல்சன்பெக், யாங்கோ, ட்ஸாரா என்ற டாடாக்காரர்கள் மூவரும் ஒரே நேரத்தில் மூன்று மொழிகளில் கவிதை வாசித்திருக்கிறார்கள். இரண்டு நண்பர்களைப் பிடித்து, ஆளுக்கொரு வரியில் தொடங்கச் சொல்லுங்கள். யார் முதலில் சிரிக்கிறாரோ, அவருக்கு அந்த 'ம்ம்ம்ம்' பகுதியை மட்டும் கொடுத்துவிடுங்கள். வாயை மூடியே பாடலாம்.