சர்க்கரையை விட்டவர்கள் லேபிளில் ஏமாறும் இடங்கள்

காபியிலும் டீயிலும் சர்க்கரையை நிறுத்துவது அவ்வளவு கடினமில்லை. கண்ணுக்குத் தெரிவதை நிறுத்திவிடலாம். பிஸ்கட், சாஸ், ஹெல்த் மிக்ஸ், ஜூஸ் என்று பாக்கெட்டுக்குள் இருப்பதுதான் தப்பித்துக்கொள்கிறது. அதைப் பிடிக்க லேபிளைத் திருப்பிப் பார்த்தால் மட்டும் போதாது, எந்த வரியைப் பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதல் தவறு, பாக்கெட்டின் முன்பக்கத்தை நம்புவது. 'நாட்டுச் சர்க்கரையில் செய்தது', 'தேன் கலந்தது', 'பேரீச்சம்பழ இனிப்பு' என்பதெல்லாம் சர்க்கரை இல்லை என்று சொல்லவில்லை, எந்தச் சர்க்கரை என்றுதான் சொல்கின்றன. வெல்லமும் கருப்பட்டியும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், அதாவது வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே பொருள். ரத்தச் சர்க்கரையைப் பொறுத்தவரை வெள்ளைச் சர்க்கரைக்கும் இவற்றுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

பின்பக்க அட்டவணையில் சர்க்கரைக்கு இரண்டு வரி இருக்கும்: டோட்டல் சுகர்ஸ் (மொத்தச் சர்க்கரை), ஆடட் சுகர்ஸ் (தயாரிப்பில் சேர்த்த சர்க்கரை). இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி இரண்டையும் தனித்தனியே அச்சிட வேண்டும். முதல் வரியை மட்டும் பார்ப்பவர்கள், 100 மில்லி பாலில் 5 கிராம் அளவுக்கு இருக்கிறதே என்று வெறும் பாலையே ஒதுக்கிவிடுகிறார்கள். அது பாலில் இயல்பாக இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரை. இனிப்பு லஸ்ஸியில் மொத்தம் 14, சேர்த்தது 10 என்றிருந்தால் கவலைப்பட வேண்டியது அந்தப் பத்துக்குத்தான்.

பழ ஜூஸில் மட்டும் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். 'ஆடட் சுகர்ஸ் 0' என்று உண்மையாகவே அச்சிட்டிருப்பார்கள், மேல் வரியில் 100 மில்லிக்கு 12 கிராம் இருக்கும். 200 மில்லி டப்பாவைக் குடித்தால் 24 கிராம், கிட்டத்தட்ட ஆறு டீஸ்பூன். ஜூஸிலும் தேனிலும் உள்ள சர்க்கரையைக் கட்டுப்படுத்த வேண்டிய கணக்கில்தான் உலக சுகாதார நிறுவனம் சேர்க்கிறது.

அடுத்து அளவு. 'பெர் சர்வ்' என்ற பத்தியில் நிறுவனம் தீர்மானித்த அளவு இருக்கும், பிஸ்கட் என்றால் இரண்டோ மூன்றோ. நாம் எங்கே அதோடு நிறுத்துகிறோம்? 100 கிராம் பத்தியை எடுத்து, சாப்பிடும் எடையால் பெருக்குங்கள். 100 கிராமுக்கு 22 கிராம் சர்க்கரை சேர்த்த பிஸ்கட், ஒன்று 6 கிராம் எடை, காலையில் நான்கு, மாலையில் நான்கு: 48 கிராம் பிஸ்கட், அதில் பத்தரை கிராம் சர்க்கரை. டீயில் விட்ட இரண்டரை டீஸ்பூன் பிஸ்கட் வழியே திரும்பிவிட்டது.

பக்கத்திலேயே ஆர்.டி.ஏ. (பரிந்துரைக்கப்பட்ட தினசரி அளவு) சதவீதம் இருக்கும். அது நாளைக்கு 50 கிராம் சேர்த்த சர்க்கரை என்ற கணக்கில் போடப்படுவது. உலக சுகாதார நிறுவனம் முடிந்தால் 25 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. அதற்குள் இருக்க நினைப்பவர், அச்சிட்ட சதவீதத்தை இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

சேர்மானப் பட்டியலில் எடை அதிகமுள்ளது முதலில் வரும். சர்க்கரை மூன்றாவது இடத்தில்தானே என்று விட்டுவிடாதீர்கள். இன்வர்ட் சிரப், லிக்விட் குளுக்கோஸ், டெக்ஸ்ட்ரோஸ், மால்ட் எக்ஸ்ட்ராக்ட், கார்ன் சிரப் என்று வேறு பெயர்களில் அதே பட்டியலில் கீழே சிதறிக் கிடக்கும். எல்லாவற்றையும் ஒரே பெயரில் கூட்டினால் சில பொருட்களில் சர்க்கரை முதலிடத்துக்கே வந்துவிடும்.

அதிகம் பேர் விழும் பள்ளம் 'சுகர் ஃப்ரீ'. 100 கிராமில் சர்க்கரை அரை கிராமைத் தாண்டாவிட்டால் அப்படிப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் மைதா அப்படியே இருக்கும், கார்போஹைட்ரேட் வரியில் 65, 70 என்று நிற்கும். அந்த மாவுச்சத்து செரித்து குளுக்கோஸாகத்தான் ரத்தத்தில் சேர்கிறது. மாவுச்சத்திலிருந்து எடுக்கும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற பொடி இன்னும் மோசம்: சட்டப்படி சர்க்கரை வரியில் பெரும்பாலும் வராது, ரத்தச் சர்க்கரையையோ குளுக்கோஸ் போலவே வேகமாக ஏற்றும். பொடியாக வரும் இனிப்பூட்டி சாஷேக்கள் சிலவற்றில் அளவைக் கூட்ட இதைத்தான் கலக்கிறார்கள். சாக்லேட்டில் ஐ.என்.எஸ். (உணவுச் சேர்க்கைப் பொருளின் எண்) 965 என்றிருந்தால் அது மால்டிட்டால் என்ற மாற்று இனிப்பூட்டி. சர்க்கரையைவிடக் குறைவு என்றாலும் அதிலும் கலோரி உண்டு, நிறையச் சாப்பிட்டால் வயிற்றுப்போக்கும் வரும். 951 அஸ்பார்டேம், 955 சுக்ரலோஸ், இரண்டும் செயற்கை இனிப்பூட்டிகள். எடை குறைக்க இவற்றை நம்ப வேண்டாம் என்று 2023இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது.

இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற நீரிழிவு மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் திடீரென எல்லா இனிப்பையும் மாவையும் குறைக்கக் கூடாது, ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கும் தாழ்சர்க்கரை வரும். ரத்தச் சர்க்கரை அளவு 70க்குக் (மி.கி./டெ.லி.) கீழே இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். மயங்கிவிட்டவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸை அழையுங்கள். அவசரத்தில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொடுக்கும் குளிர்பானம் 'டயட்', 'ஜீரோ' வகையாக இருந்தால் சர்க்கரை ஒரு புள்ளிகூட ஏறாது. அந்த நேரத்துக்கென்று ஒரு குளுக்கோஸ் பாக்கெட்டைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.