அடிக்காப்புத் தகட்டை வீட்டில் செய்யும்போது விடும் பிழைகள்

வன்னியில் முத்தையன்கட்டு, நெடுங்கேணிப் பக்கக் காட்டுப்பாதைகளில் பிக்கப்போ ஜீப்போ ஓட்டுகிறவர்களுக்கு வண்டியின் அடிவயிற்றைப் பற்றிய பயம் எப்போதும் இருக்கும். மாரி முடிந்ததும் கிறவல் அரிபட்டுக் கல் துருத்திக்கொண்டு நிற்கும். புல்லுக்குள் பாலைமரத்தின் அடிக்கட்டை மறைந்து கிடக்கும். எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் தொட்டியான ஒயில் சம்ப் வெடித்துவிட்டால் உழவு இயந்திரம் கொண்டுவந்து கட்டியிழுப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதனால்தான் பலர் வீட்டு முற்றத்திலேயே தகடு வெட்டி, வெல்டிங் செய்து அடியில் பூட்டிக்கொள்கிறார்கள். செய்யலாம், நன்றாகவே செய்யலாம். ஆனால் திரும்பத் திரும்ப ஒரே பிழைகளைக் காண்கிறேன். சிலவற்றை நானே விட்டிருக்கிறேன்.

முதற்பிழை, தடித்த இரும்புதான் காப்பு என்று நினைப்பது. 10 மி.மீ. தகடு ஒரு சதுர மீற்றருக்கு 78 கிலோவுக்கு மேல் வரும். 4 மி.மீ. என்றால் 31 கிலோதான். ஒரு பெரிய ஆளின் பாரத்தை இரவும் பகலும் முன்பக்கத்தில் தொங்கவிட்டால் ஸ்பிரிங் இறங்கும். கல்லில் முட்டாமல் இருக்கத்தான் தகடு போட்டோம். அந்தத் தகட்டின் பாரமே வண்டியைக் கல்லுக்கு அருகில் கொண்டுபோய்விடும். சாதாரண பிக்கப்புக்கு 4 மி.மீ., கனமான வண்டிக்கு 5 மி.மீ. போதும். பலம் தடிப்பிலிருந்து மட்டும் வருவதில்லை, மடிப்பிலிருந்தும் வரும். இரு பக்க விளிம்புகளையும் மேல்நோக்கி மடித்துவிட்டால் மெல்லிய தகடும் எளிதில் நெளியாது. மடிக்கும் பிறஸ் வீட்டில் இல்லையென்றால் வெட்டிய தகட்டைப் பட்டறைக்குக் கொண்டுபோய் மடித்து வாருங்கள். வெட்டி ஒட்டிய மூலையைவிட மடித்த மூலை நம்பகமானது.

அடுத்தது, தகட்டைச் செசியில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், நேராக வெல்டிங் செய்வது. இதை நான் ஒரு பழைய பிக்கப்பில் செய்தேன். அடுத்த ஒயில் மாற்றத்துக்கே கட்டிங் டிஸ்க் எடுக்க வேண்டி வந்தது. வெட்டி எடுத்தபோதுதான் ஒட்டு முடிந்த இடத்திலிருந்து செசியில் ஒரு மெல்லிய வெடிப்பு ஓடியிருப்பதைக் கண்டேன். வெல்டிங் சூடு பட்ட இரும்பின் தன்மை மாறிவிடும். செசி முறுகும்போதெல்லாம் இழுவை முழுவதும் அந்த ஒட்டின் ஓரத்தில் வந்து குவியும், வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும். செசியில் ஏற்கெனவே துளைகள் இருக்கும். அவற்றில் பிறக்கற் (தகட்டைத் தாங்கும் இரும்புத் துண்டு) வைத்து, தலையில் 8.8 என்று பொறித்த போல்ட் போட்டுப் பூட்டுங்கள். எஞ்சினிலோ கியர் பொக்ஸிலோ பூட்டவே வேண்டாம். அவை றப்பர் மவுண்டில் அசைகிறவை. தகட்டுக்கும் சம்புக்கும் இடையில் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் இடைவெளியும் வேண்டும். ஒட்டினாற்போல் வைத்தால் தகடு வாங்கும் அடி அப்படியே சம்புக்குப் போகும்.

தகட்டின் வேலை கல்லோடு மோதி நிற்பதல்ல, கல்லின்மேல் வழுக்கிப் போவது. முன்விளிம்பு மேல்நோக்கி நன்றாகச் சாய்ந்திருக்க வேண்டும். இரண்டு தகடு போடுகிறீர்களா? முன்தகட்டின் பின்விளிம்பு கீழேயும் பின்தகட்டின் முன்விளிம்பு அதற்கு மேலேயும் வரவேண்டும். மாறிப்போனால் ஒவ்வொரு வேரும் அந்த விளிம்பில் கொளுவி இழுக்கும். போல்ட் தலைகளைத் தகட்டுக்குள் புதையுங்கள்.

வன்னிக்கென்றே ஒரு ஆபத்து இருக்கிறது: காய்ந்த புல். ஆனி, ஆடியில் பாதை நடுவே இடுப்பளவு புல் காய்ந்து நிற்கும். தகடு அதை அள்ளி மேலே சேர்த்து வைக்கும். மேலே சைலன்சர் குழாய் கொதித்துக்கொண்டிருக்கும். தீப்பிடிக்க வேறென்ன வேண்டும்? அடியை முழுதாக மூடாதீர்கள். சைலன்சருக்கு நேர்கீழே தகடு வேண்டாம். நீள்துளைகள் விடுங்கள், கைவிட்டுப் புல்லை இழுத்தெடுக்குமளவு அகலமாக. அதே துளைகளால் சேறும் இறங்கும், காற்றும் ஓடும். ஒயில் வடிக்கும் நட்டுக்கு நேராகத் தனித்துளை ஒன்று. காட்டுக்குள்ளிருந்து வெளியே வந்ததும் குனிந்து பாருங்கள், ஒவ்வொரு முறையும்.

வண்டியில் வைத்தே பிறக்கற் ஒட்ட வேண்டியிருந்தால் முதலில் பற்றரி வயரைக் கழற்றுங்கள். எர்த் கிளிப்பை ஒட்டுமிடத்துக்குப் பக்கத்திலேயே கொளுவுங்கள். எங்கோ கொளுவினால் மின்சாரம் பெயறிங் வழியே போய் அதைப் பழுதாக்கும். டீசல் குழாய் எங்கே ஓடுகிறதென்று பார்த்த பிறகே வெல்டிங் குச்சியைத் தொடுங்கள். ஜீ.ஐ. பைப்பை அதன் நாகப்பூச்சோடு (துத்தநாகப் பூச்சு) ஒட்டாதீர்கள். நாகம் 907 பாகை செல்சியஸிலேயே ஆவியாகிவிடும், அந்தப் புகையை இழுத்தால் இரவு குளிர்காய்ச்சல் வரும். பூச்சைத் தேய்த்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் ஒட்டுங்கள். சீமெந்துக் கல்லின்மேல் வண்டியை நிறுத்தி அடியில் படுப்பதையும் கண்டிருக்கிறேன். அந்தக் கல் எந்தச் சத்தமுமில்லாமல் பிளந்துவிடும். இரும்பு ஸ்டாண்ட் இல்லாமல் அடியில் போகவே வேண்டாம்.

இரும்பு எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். காணி துப்புரவாக்கும்போதும் காட்டோரத்திலும் தகடும் குழாயும் கிடைக்கும். 2009 இல் போர் முடிந்து இத்தனை காலம் வெடிபொருள் அகற்றியும் எங்கள் மண் முழுதாகச் சுத்தமாகவில்லை. மண்ணிலிருந்து வந்த, என்னவென்று தெரியாத இரும்பைக் கையால் தொடாதீர்கள், கிரைண்டர் வைக்காதீர்கள், பிள்ளைகளைக் கிட்டவிடாதீர்கள். இடத்தை அடையாளம் வைத்துவிட்டுப் பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். மூடி அடைத்த குழாய் பழைய இரும்புக் கடையில் கிடந்தாலும் வேண்டாம். தகட்டைக் கடையில் புதிதாக வாங்குவதற்கு ஆகும் காசு ஒரு விரலின் விலைக்கு முன்னால் ஒன்றுமில்லை.

பெயின்ற் விஷயத்தில் அதிகம் சொல்ல இல்லை. துருப்பிடிக்காமல் தடுக்கும் அன்ரி கொரோசிவ் இரண்டு பூச்சு, முல்லைத்தீவுக் கடலோரத்தில் ஓடுகிறவர்கள் உள்பக்கத்துக்கும் அடியுங்கள்.

பூட்டியபின் நூறு கிலோமீற்றர் ஓடிவிட்டு போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். அப்போதே தகட்டில் விழுந்த கீறல்களைப் பாருங்கள். முன்னிருந்து பின்னாக நேராக ஓடியிருந்தால் தகடு வழுக்குகிறது. ஓரிடத்தில் சட்டென்று நின்று குழி விழுந்திருந்தால் அங்கே ஏதோ ஒரு விளிம்பு மறித்திருக்கிறது. கழற்றி, அந்த விளிம்பைக் கிரைண்டரால் சாய்த்துவிட்டு மறுபடி பூட்டுங்கள்.