யூஸ் கோகென்ஸ் என்றதும் வழக்கு ஜெயித்துவிடாது

மூட் கோர்ட்டுக்கு, அதாவது மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு, சட்ட மாணவர்களைத் தயார் செய்கிறேன். எழுத்து வாதம் கைக்கு வந்ததும், 'யூஸ் கோகென்ஸ்' (எந்த நாடும் மீற முடியாத சர்வதேசச் சட்ட விதி) எங்கே வருகிறது என்று பார்ப்பேன். முதல் பத்தியிலேயே வந்தால் எனக்குச் சந்தேகம்தான்.

முதலில் விதியை நிறுவுங்கள். ஒப்பந்தங்கள் பற்றிய 1969 வியன்னா உடன்படிக்கையின் 53ஆம் பிரிவு இதற்குப் போதும்: யாரும் விலகிக்கொள்ள முடியாது என்று உலக நாடுகளின் சமூகம் ஒட்டுமொத்தமாக ஏற்ற விதி, அதற்கு முரணான ஒப்பந்தம் செல்லாது. இனப்படுகொலை, சித்திரவதை, அடிமைமுறை என்றால் சிரமமில்லை. சர்வதேசச் சட்ட ஆணையம் 2022இல் தந்த எட்டு விதிகளின் பட்டியலிலேயே இருக்கின்றன. பட்டியல் முழுமையானதல்ல என்று ஆணையமே சொல்கிறது. அந்தத் தைரியத்தில் சுற்றுச்சூழலை ஒரே வரியில் உள்ளே நுழைக்காதீர்கள், நீதிபதி அங்கேதான் பிடிப்பார்.

அடுத்து, நேரடியாகப் பாதிக்கப்படாத நாடு எப்படி வழக்குப் போடலாம்? இங்கே எர்கா ஓம்னெஸ், அதாவது எல்லா நாடுகளுக்கும் பட்டிருக்கும் கடமை. சர்வதேச நீதிமன்றத்தின் 1970 பார்சலோனா டிராக்‌ஷன் தீர்ப்பின் 33, 34ஆம் பத்திகளைக் காட்டுங்கள். (ஸ்பெயினில் திவாலான மின்சாரக் கம்பெனியின் பெல்ஜியப் பங்குதாரர்களுக்காக நடந்த வழக்கு அது. பெல்ஜியம் தோற்றது. நமக்கு வேண்டியது அந்த இரண்டு பத்திகள்தான்.) உடன்படிக்கைக்குள் நிற்கும் வழக்கென்றால் 2012 பெல்ஜியம்–செனகல் தீர்ப்பு இன்னும் பலம்: உடன்படிக்கையில் சேர்ந்த எந்த நாடும் வழக்குப் போடலாம் என்றது அது.

நல்ல வாதங்கள் சரிவது இதற்கப்புறம், நீதிமன்றத்தின் அதிகார வரம்பில். ஆஸ்திரேலியாமீது போர்ச்சுகல் போட்ட 1995 கிழக்குத் திமோர் வழக்கில் சுயநிர்ணய உரிமை எர்கா ஓம்னெஸ் என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. ஆனால் இந்தோனேசியா வழக்கில் இல்லாமல் அதன் செயலைத் தீர்மானிக்க முடியாதென்று போர்ச்சுகலைத் திருப்பி அனுப்பியது. ருவாண்டாமீது வழக்குப் போட்ட காங்கோவுக்கும் 2006இல் அதே கதி: இனப்படுகொலைத் தடை யூஸ் கோகென்ஸ்தான், ஆனால் இனப்படுகொலை உடன்படிக்கையில் சர்வதேச நீதிமன்றத்துக்கு வழிவிடும் 9ஆம் பிரிவை ருவாண்டா ஏற்காமல் ஒதுக்கிவைத்திருந்தது.

அதனால் உடன்படிக்கையை எடுத்ததும் வழக்குக்கு வழிவிடும் பிரிவைத் தேடுங்கள். பிறகு இரு நாடுகளும் எந்தப் பிரிவுகளை ஒதுக்கியிருக்கின்றன என்பதை ஐ.நா. ஒப்பந்தத் தொகுப்பில் சரிபாருங்கள். இனப்படுகொலை உடன்படிக்கையில் மியான்மர் ஒதுக்கியது 6, 8ஆம் பிரிவுகளைத்தான். 9 திறந்திருந்ததால் 2019இல் ரோஹிங்கியாக்களுக்காக மியான்மர்மீது வழக்குப் போட்ட காம்பியா உள்ளே வர முடிந்தது.

2022இல் மியான்மரின் ஆட்சேபங்கள் தள்ளுபடியாயின. வழக்குப் போடும் தகுதி பற்றிய ஆட்சேபத்துக்கு எதிராக 15 பேர், ஆதரவாக நீதிபதி சூ ஹான்சின் ஒருவர் மட்டும். அவருடைய மாற்றுக் கருத்தைத் தவறாமல் படித்துவிடுங்கள். எதிர்த்தரப்பு கேள்விகளை அதிலிருந்துதான் எடுக்கும்.