எட்டுக் குறி மொழிக்கு வேகமான இன்டர்பிரெட்டர்

1993இல் உர்பான் முல்லர் உருவாக்கிய பிரெயின்ஃபக் மொழியில் மொத்தமே எட்டுக் கட்டளைகள்தான்: > < + - . , [ ]. நினைவகம் என்பது எண்களை வைத்திருக்கும் அறைகளின் வரிசை. > < நடப்பு அறையைக் காட்டும் சுட்டியை வலமும் இடமும் நகர்த்தும்; + - அந்த அறையின் எண்ணில் 1 கூட்டும், குறைக்கும்; . , வெளியீடும் உள்ளீடும்; [ ] இடையில் உள்ளதை, அறை பூச்சியமாகும் வரை திரும்பத் திரும்ப ஓட்டும் லூப். நான் முதலில் எழுதிய இன்டர்பிரெட்டர் (நிரலை வாசித்து நேரடியாக இயக்கும் மென்பொருள்) அவற்றை ஒவ்வோர் எழுத்தாகப் படித்து அப்படியே இயக்கியது. மாண்டெல்பிராட் என்னும் கணிதப் படத்தை வரையும் நிரலைக் கொடுத்தால், ஒவ்வொரு வரியும் திரையில் வந்து சேர நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது.

முதலில், இயக்கும் முன்பே நிரலை ஒருமுறை வாசித்துச் சுருக்குங்கள். கட்டளை அல்லாத எழுத்துகளை நீக்குங்கள். அடுத்தடுத்து வரும் ஒரே குறிகளைச் சேர்த்து, +++++ என்பதை ‘5 கூட்டு’ என்று ஒரே கட்டளையாக்குங்கள். [ வந்தால் அதன் இடத்தை ஸ்டாக்கில் (கடைசியாக வைத்தது முதலில் வெளிவரும் அடுக்கு) வையுங்கள்; ] வந்தால் அதை வெளியே எடுத்து, இரண்டிலும் இணையின் இடத்தைக் குறித்துவிடுங்கள். இனி இயங்கும்போது இணையைத் தேடி அலைய வேண்டியதில்லை.

பெரிய வேகம் லூப்புகளில்தான் ஒளிந்திருக்கிறது. [-] என்றால் அறையைப் பூச்சியமாக்குவது. அறையில் 200 இருந்தால், 200 சுற்று ஓட வேண்டியதை ஒரே கட்டளை முடித்துவிடும். இதைப் பாருங்கள்:

[->+++>+++++++<<]

முதல் அறையின் மதிப்பை 3ஆல் பெருக்கி அடுத்த அறையிலும், 7ஆல் பெருக்கி அதற்கடுத்த அறையிலும் கூட்டிவிட்டு, முதல் அறையைக் காலியாக்குகிறது. ஆக, இரண்டு பெருக்கல், ஒரு பூச்சியம். லூப்புக்குள் ஓட்டமே தேவையில்லை. இதைக் கண்டுகொண்ட நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த மொழியில் எனக்கு மிகப் பிடித்த இடமும் இதுவே.

எல்லா லூப்பையும் இப்படி மாற்றிவிட முடியாது. சுட்டி புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். முதல் அறை சுற்றுக்குச் சரியாக 1 குறைய வேண்டும். உள்ளே உள்ளீடு, வெளியீடு, வேறு லூப் எதுவும் இருக்கக் கூடாது. [--] என்பதை ‘பூச்சியமாக்கு’ என்று மாற்றினால் தவறு: 8 பிட் அறையில் (0 முதல் 255 வரை; 0க்குக் கீழே போனால் 255க்குச் சுழலும்) ஒற்றைப்படை எண் இருந்தால் அந்த லூப் ஒருபோதும் முடியாது.

நான் இடறியது வேறோர் இடத்தில். நிரலின் தொடக்கத்திலேயே [-<+>] இருந்தால், அறை பூச்சியம் என்பதால் அசல் லூப்புக்குள் நுழைவதே இல்லை. என் பெருக்கல் கட்டளையோ இல்லாத இடப்பக்க அறையில் 0ஐக் கூட்டப் போய், எல்லை மீறல் என்று பிழை காட்டி நின்றது. ஆகவே பெருக்கலுக்கு முன் அறை பூச்சியமா என்று கட்டாயம் பாருங்கள்.

பழைய இன்டர்பிரெட்டரை அழித்துவிடாதீர்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஒரே நிரலை இரண்டிலும் ஓட்டி, வெளியீட்டை ஒவ்வொரு பைட்டாக ஒப்பிடுங்கள்.