நாய்க்கு முழங்கால் ஜவ்வு அறுந்தால்: அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ளும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

லாப்ரடார், ராட்வைலர் போன்ற கனத்த நாய் பின்னங்கால் ஒன்றைத் தூக்கி நொண்டினாலோ, உட்காரும்போது அந்தக் காலை மடக்காமல் பக்கவாட்டில் நீட்டி வைத்தாலோ, முழங்கால் மூட்டின் சிலுவை ஜவ்வு (தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டுக்குள் பிணைக்கும் நார்) அறுந்திருக்கக்கூடும். நாய்களுக்கு இது பெரும்பாலும் ஒரே அடியில் அறுவதில்லை. நாளடைவில் நைந்தே அறுகிறது. அதனால்தான் பல நாய்களுக்குப் பின்னாளில் மறு காலும் பழுதாகிறது. வீட்டிலிருக்கும் ஐபுப்ரோஃபென் மாத்திரையைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். அது நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் புண்படுத்தும்.

மருத்துவர் தொடை எலும்பை ஒரு கையால் அசையாமல் பிடித்து, கீழ்க்கால் எலும்பை மறு கையால் முன்னோக்கித் தள்ளிப் பார்ப்பார். ஜவ்வு அறுந்திருந்தால் அது மேசை இழுப்பறைபோல முன்னே நகரும். வலியில் தசையை இறுக்கிக்கொள்ளும் நாய்க்கு மயக்க மருந்து கொடுத்தே இதைச் சோதிக்க வேண்டியிருக்கும். எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. மூட்டு வீக்கமும் தேய்மானமும் கீழ்க்கால் எலும்பின் மேற்புறச் சரிவும்தான் தெரியும்.

பெரிய நாய்களுக்குப் பரவலாகச் செய்யப்படும் டி.பி.எல்.ஓ. (கீழ்க்கால் எலும்பின் மேற்புறச் சரிவைச் சமன்செய்யும் அறுவை) முறையில் அறுந்த ஜவ்வைத் தைப்பதில்லை. கீழ்க்கால் எலும்பின் மேற்பகுதியை வளைவாக அறுத்துச் சுழற்றி, ஜவ்வு இல்லாமலேயே அந்த எலும்பு முன்னே நழுவாதபடி சரிவைக் குறைத்து, தகடும் திருகும் வைத்துப் பொருத்துகிறார்கள். சிறிய நாய்களுக்கு மூட்டுக்கு வெளியே உறுதியான நூலிட்டு இறுக்கும் முறையே பல நேரங்களில் போதும்.

மருத்துவர் அறுவை சிகிச்சையில் எம்.வி.எஸ்சி. (கால்நடை மருத்துவ முதுநிலைப் பட்டம்) முடித்தவரா என்று கேட்பது சரியே. ஆனால் இந்த அறுவையை வழக்கமாகச் செய்பவரா என்பதே என் பார்வையில் முதன்மையான கேள்வி. மயக்க மருந்தைக் கவனிக்கத் தனியாக ஒருவர் இருப்பாரா, இரவில் நாயை யார் பார்த்துக்கொள்வார், தகட்டில் சீழ் பிடித்தால் மறு அறுவைக்கு என்ன செலவாகும் என்பவற்றையும் தயங்காமல் கேட்டு, மொத்தச் செலவை எழுத்தில் பெறுங்கள். சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களின் மருத்துவமனைகளிலும் கருத்துக் கேட்கலாம்.

அறுத்த எலும்பு கூட ஏறத்தாழ 8 முதல் 12 வாரங்கள் ஆகும். நாய் சில நாட்களிலேயே காலை ஊன்றத் தொடங்குவதால், குணமாகிவிட்டதென்று அவிழ்த்துவிடுகிறார்கள்; திருகு தளர்வதும் எலும்பு விரிசல் விடுவதும் அப்போதுதான். எக்ஸ்ரேயில் எலும்பு கூடியதை மருத்துவர் உறுதிசெய்யும்வரை வாரில் பிடித்த மெதுநடை மட்டுமே. மாடிப்படி, சோபா, மொசைக் தரையில் ஓட்டம் எதுவும் கூடாது. தையலை நக்காதபடி கழுத்துக் கூம்பை இரவிலும் கழற்றாதீர்கள். ஊன்றிக்கொண்டிருந்த காலை நாய் மீண்டும் தூக்கினாலோ, தையலிலிருந்து நீர் வடிந்தாலோ, அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் அன்றே அழைத்துச் செல்லுங்கள்.